நாணமும் ஆடையும்: கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை

கிறித்தவ சமயத்தில் ஆடைக்கென்று நெறி ஏதும் உண்டா என்னும் வினா நம் மாணவர்களிடையே அடிக்கடி எழுகின்றது. கன்னியாஸ்திரிகள் தலையை மறைக்கின்றனர். அவர்களிடம் பாடம் பயிலும் கத்தோலிக்கப் பெண்கள் மறைப்பதில்லை. தேவாலயத்தினுள் முந்தானையால் தலையை மூடிக்கொள்ளும் தாய்மார்கள் வெளியே வந்ததும் அதனை எடுத்துவிடுகின்றனர். இவற்றைக் காண்போர், அங்கே சட்டம் என்று ஒன்றில்லை, எல்லாம் அவரவர் விருப்பமே என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு சரியானதன்று. நெறி உண்டு, ஆனால் அது நம் ஃபிக்ஹு நூல்கள் வகுத்துரைப்பது போன்ற அளவுச் சட்டமாக இல்லை. அது எவ்வாறு அமைந்துள்ளது, ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை அவர்களுடைய நூல்களின் வழியாகவே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளக்கம் நம் பகுதிக்கு மிகவும் தேவையானது. 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூரும், 2007 நவம்பர் 23 அன்று தனி மாவட்டமான அரியலூரும் பல சமயத்தார் அருகருகே வாழும் நிலப்பகுதிகள். வெள்ளாற்றங்கரையில் லெப்பைக்குடிக்காடு இருக்கின்றது. கொள்ளிடத்திற்கு வடக்கே ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை திருத்தலம் இருக்கின்றது. ஒரே பேருந்தில் செல்கிறோம். ஒரே பள்ளியில் நம் பிள்ளைகள் பயில்கின்றனர். அண்டை வீட்டாரின் நெறியைச் சரிவர அறியாமல் அதனைப் பற்றித் தீர்ப்புரைப்பது அறிவுடையார் செயலன்று.

சொல்லும் பொருளும்

இலத்தீன் மொழியில் இப்பண்பைக் குறிக்க இரு சொற்கள் உள்ளன. ஒன்று 'மொதெஸ்தியா'. 'மொதுஸ்' என்றால் அளவு. எனவே மொதெஸ்தியா என்பது எதிலும் அளவறிந்து நிற்றல். மற்றொன்று 'புதோர்', இது நாணம். முதற்சொல் நடத்தையை நோக்கியது. இரண்டாவது உள்ளத்து உணர்வை நோக்கியது. அரபியில் 'ஹயா' என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் தழுவி நிற்கின்றது. உயிர்வாழ்வைக் குறிக்கும் 'ஹயாத்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே என்பதை மொழியறிஞர் எடுத்துக்காட்டுவர். தமிழிலோ திருக்குறள் 'அடக்கமுடைமை'க்கு 13ஆம் அதிகாரத்தையும் 'நாணுடைமை'க்கு 102ஆம் அதிகாரத்தையும் தனித்தனியே ஒதுக்கியுள்ளது. நாணுடைமை அதிகாரம், தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்டிரின் இயல்பான நாணம் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுகின்றது. நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தை அகற்ற இப்பிரிவு ஒன்றே போதும்.

கத்தோலிக்க இறையியலின் பெரும் ஆசானாகிய தாமஸ் அக்குவினாஸ் (மறைவு 1274) தம் 'சும்மா தெயொலொஜியே' என்னும் பெருநூலில் மொதெஸ்தியாவைத் தன்னடக்கம் என்னும் தலையாய அறத்தின் ஒரு பகுதியாக வைத்தார். அதனை நான்கு இடங்களில் காணலாம் என்றார். தன்னை உயர்த்திக்கொள்ள விழையும் மனத்தை அடக்குவது பணிவு. அறியும் வேட்கையை முறைப்படுத்துவது கல்வி ஒழுக்கம். மூன்றாவது நடை, பார்வை, விளையாட்டு முதலிய உடல் அசைவுகளின் ஒழுங்கு. நான்காவதாகவே ஆடையும் அணிகலனும் வருகின்றன. இவ்வரிசை கவனத்திற்குரியது. உள்ளத்துச் செருக்கிலிருந்து தொடங்கும் பண்பு, உடலசைவைக் கடந்து, இறுதியில் துணியில் வந்து வெளிப்படுகின்றது. நபி மூஸா (அலை) அவர்களை அழைக்க வந்த பெண் நாணத்தோடு நடந்து வந்தாள் என்று அல்கஸஸ் அத்தியாயம் (28:25) அவளுடைய நடையைக் குறிப்பிடுவதை நம் வாசகர்கள் இங்கு நினைவுகூரலாம்.

ஆடையைப் பற்றி அக்குவினாஸ் கூறுவது இன்னும் நுட்பமானது. பொருளில் குற்றமில்லை, பயன்படுத்துவோரின் மிகுதியில்தான் குற்றம் என்பது அவர் கருத்து. தாம் வாழும் மக்களின் நல்வழக்கத்தை மீறுவது ஒரு பிழை. வழக்கத்திற்கு உட்பட்டே நின்றாலும் அணிவதில் பெருமையும் பேராசையும் கொள்வது மற்றொரு பிழை. அத்தோடு நில்லாமல், கந்தலை உடுத்தி அதனால் புகழ் தேடுவதும் அடக்கத்திற்கு முரணே என்றார். எளிய உடையிலும் செருக்கு ஒளிந்திருக்கக்கூடும் என்னும் இவ்வெச்சரிக்கை, ஆலிம்களாகிய நமக்கும் பொருந்தும்.

வேத நூலின் அடிப்படை

புதிய ஏற்பாட்டில் இப்பொருள் குறித்து நான்கு இடங்கள் முதன்மையானவை. பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலும் (2:9-10) பேதுருவின் முதல் மடலும் (3:3-4) பெண்களின் அணி, பின்னல், பொன், விலையுயர்ந்த ஆடை ஆகியவற்றைக் காட்டிலும் நற்செயலும் அமைந்த உள்ளமுமே அழகு என்று அறிவுறுத்துகின்றன. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 11ஆம் அதிகாரம், வழிபாட்டில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்கின்றது. நான்காவது மத்தேயு நற்செய்தியின் 5:28. இச்சையோடு பெண்ணை நோக்குபவன் உள்ளத்தில் ஏற்கெனவே குற்றம் புரிந்துவிட்டான் என்பது ஈசா (அலை) அவர்களின் கூற்றாக அங்கு இடம்பெறுகின்றது.

இந்நான்காவது இடம் பொறுப்பைப் பார்ப்பவன்மீது சுமத்துகின்றது. அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று அது கேட்கவில்லை. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயமும் (24:30-31) பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்கே கட்டளையிட்டு, அதன் பின்னரே பெண்களை நோக்கிப் பேசுகின்றது. இறுதி ஹஜ்ஜின்போது, கேள்வி கேட்க வந்த பெண்மணியை உற்று நோக்கிய இளைஞர் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் முகத்தை நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே வேறுபுறம் திருப்பிவிட்ட செய்தியைப் புகாரீ பதிவுசெய்துள்ளது. இவ்விடத்தில் இரு சமயங்களும் ஒருமித்துப் பேசுகின்றன.

சட்டம் மாறிய வரலாறு

தொடக்கத்தில் கூறிய முந்தானை வழக்கத்திற்கு வருவோம். 1917இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1262ஆம் விதி, வழிபாட்டில் ஆண்கள் தலை திறந்தும், பெண்கள் தலை மூடியும் அடக்கமாக உடுத்தியும் இருக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. 1930 ஜனவரி 12 அன்று, பதினோராம் பத்திநாதர் திருத்தந்தையாக இருந்த காலத்தில், பெண்களின் ஆடை குறித்து உரோமையிலிருந்து கண்டிப்பான அறிவுறுத்தல் ஒன்றும் வெளிவந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் ஆடைப் பாணி விரைந்து மாறியதே அதற்குப் பின்னணியாகும்.

பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 8 அன்று ஆடை வடிவமைப்பாளர்களிடையே ஆற்றிய உரை வேறுவகையானது. உடலைக் காத்தல், நாணத்தைக் காத்தல், அழகுசெய்தல் ஆகிய மூன்று தேவைகளை ஆடை நிறைவேற்றுகின்றது என்று அவர் விளக்கினார். அழகை அவர் மறுக்கவில்லை. அழகு மற்ற இரண்டையும் விழுங்கிவிடுவதையே எச்சரித்தார். மானத்தை மறைக்கும் ஆடையையும் அலங்காரத்தையும் சேர்த்தே இறைவன் அருளினான், ஆயினும் இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்னும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் (7:26) கருத்தோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம்.

1976ஆம் ஆண்டு வெளியான 'இந்தெர் இன்சிஞ்ஞோரெஸ்' என்னும் உரோமை ஆவணம், பெண்கள் தலையை மூட வேண்டும் என்ற பவுலின் கட்டளை அக்காலப் பழக்கத்தைச் சார்ந்தது என்றும் இன்று கட்டாயமில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 1983இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் பழைய 1262ஆம் விதி இடம்பெறவில்லை. ஆக, இன்று நம் ஊர்த் தேவாலயங்களில் தாய்மார்கள் தலையை மூடுவது பக்தியும் மரபும் சார்ந்ததே, சட்டக் கட்டாயமன்று.

சட்டம் நீங்கியபின் எஞ்சியது என்ன? 1992இல் வெளியான 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூலின் 2521 முதல் 2527 வரையுள்ள பத்திகள் இதற்கு விடை தருகின்றன. நாணம் மனிதனின் அந்தரங்க மையத்தைக் காக்கின்றது. மறைந்திருக்க வேண்டியதை வெளிப்படுத்த மறுக்கின்றது. ஆடையைத் தேர்வதில் வழிகாட்டுகின்றது. முறையற்ற ஆவல் தோன்றும் இடத்தில் மௌனம் காக்கின்றது. உடலுக்கு மட்டுமன்றி உணர்வுகளுக்கும் நாணம் உண்டு. உடலைக் காட்சிப் பொருளாக்கும் விளம்பரங்களையும், அந்தரங்கத்தை அம்பலமாக்கும் ஊடகங்களையும் அது எதிர்க்கின்றது. நாணத்தின் வடிவங்கள் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுபடும். ஆனால் மனிதனுக்கு ஆன்மிக மாண்பு உண்டு என்னும் உள்ளுணர்வாக அது எங்கும் இருக்கின்றது. இவை அப்பத்திகளின் சாரம்.

பின்னாளில் இரண்டாம் யோவான் பவுல் என்னும் பெயரில் திருத்தந்தையான கரோல் வொய்த்திவா, 1960இல் எழுதிய 'அன்பும் பொறுப்பும்' நூலில் இதன் காரணத்தை ஆராய்ந்தார். ஒரு மனிதனை மற்றொருவர் பயன்படுத்தும் பொருளாக நோக்குவதைத் தடுக்கும் இயற்கைக் காவலே நாணம் என்றார் அவர். ஆகவே ஆடையின் தகுதியை அது அணியப்படும் சூழலையும் நோக்கத்தையும் விட்டுப் பிரித்து அளக்க முடியாது என்பதும் அவர் கொள்கை. பெரம்பலூர் வட்டாரத்துப் பருத்தி, மக்காச்சோளக் காடுகளில் வேலைசெய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்துகொள்கின்றனர். சேறு மிதித்து நாற்று நடுவோர் சேலையை ஏற்றிச் செருகிக்கொள்கின்றனர். இது நாணமின்மை என்று எவரும் சொல்வதில்லை. உழைப்பின் தேவையை ஊரே அறியும்.

தமிழ் மண்ணில் கிடைத்த வடிவம்

வடிவம் பண்பாட்டைச் சார்ந்தது என்ற கருத்து நடைமுறையில் சோதிக்கப்பட்ட களங்களில் தமிழகம் குறிப்பிடத்தக்கது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். இது பெரும் சர்ச்சையை எழுப்பியது. பதினைந்தாம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று வெளியிட்ட ஆணை, பூணூல், சந்தனம் போன்றவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதே ஆணை, குலப்பெருமை கொண்டோர் தாழ்ந்த நிலையிலுள்ளோரை, குறிப்பாகத் தேவாலயத்தில், இகழலாகாது என்றும் வேண்டிக்கொண்டது. ஆடை மரபை ஏற்கும்போது அதனோடு ஒட்டிவரும் சாதிச் செருக்கும் உள்ளே நுழையும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

நொபிலிக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவர் வீரமாமுனிவர் எனப்படும் கொன்ஸ்தாந்த்சோ பெஸ்கி. இவரால் புகழ்பெற்ற தலமே ஏலாக்குறிச்சி. அவர் அதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடினார். இன்று அத்தலம் 1899இல் நிறுவப்பட்ட கும்பகோணம் மறைமாவட்டத்தில் அடங்கும். வளனார் எனப்படும் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட 'தேம்பாவணி' அவருடைய பெருங்காப்பியம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த அவர், காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவிக்குரிய நாவடக்கத்தை இதில் காண்கிறோம். நாணுடைமை அதிகாரம் பொருட்பாலில் அமைந்திருப்பதால், நாணத்தைப் பற்றிய தமிழரின் சிந்தனை அவர் வழியே இலத்தீனுக்குச் சென்றது.

இன்றைய கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயத்திலுள்ள பெரியநாயகி அன்னையின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் சேலையுடன் விளங்குகின்றது. உருவ வழிபாட்டில் நமக்கு உடன்பாடில்லை என்பதை வாசகர்கள் அறிவர். எனினும் அதன் பின்னுள்ள கருத்து நோக்கத்தக்கது. ஐரோப்பிய ஓவியர்கள் மர்யம் (அலை) அவர்களைத் தங்கள் நாட்டுப் பெண்ணின் உடையில் வரைந்தனர்; தமிழகத்தில் அதே அடக்கம் சேலையின் வடிவை ஏற்றது. தூய்மைக்கு முன்மாதிரியாகத் திருக்குர்ஆன் காட்டும் அதே பெண்மணியையே (66:12) கத்தோலிக்கரும் முன்மாதிரியாகக் கொள்கின்றனர்.

நடத்தையிலும் இத்தகைய தழுவல் நிகழ்ந்தது. 1969 ஏப்ரல் 25 அன்று இந்தியத் திருச்சபைக்கு உரோமை 12 வழிபாட்டு மாற்றங்களை அனுமதித்தது. காலணியைக் கழற்றி நுழைவது, தரையில் அமர்வது, மண்டியிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தலைவணங்குவது ஆகியன அவற்றுள் சில. திருப்பலியில் ஒருவர்க்கொருவர் அமைதியைத் தெரிவிக்கும் சடங்கையும் கைகூப்பியே செய்யலாம் என்றாயிற்று. ஆணும் பெண்ணும் அந்நியரைத் தொடாமலே மரியாதை காட்டும் நம் மண்ணின் வழக்கம் இவ்வாறு வழிபாட்டிற்குள் ஏற்கப்பட்டது.

வழக்கமே பிழையாகும்போது

வடிவத்தை வழக்கத்திடம் விட்டுவிடுவதில் ஓர் இடர் உண்டு. வழக்கம் எப்போதும் நாணத்தைக் காப்பதில்லை; சில வேளைகளில் அதனைப் பறித்துவிடுகின்றது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அங்கு முன்நின்றவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். 1859 ஜூலை 26 அன்று வெளியான அரசாணை மறைக்கும் உரிமையை வழங்கியது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையையும் விதித்தது. நாணம் மனித மாண்பு என்னும் கொள்கைக்கும், அது குலத்தின் சலுகை என்னும் வழக்கத்திற்கும் இடையே நிகழ்ந்த மோதல் அது.

கத்தோலிக்க வரலாற்றிலும் வழக்கத்தைத் திருத்திய சான்று உண்டு. 1704இல் புதுச்சேரியில் உரோமைத் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, பெண் பருவமெய்தியதை ஊரறியக் கொண்டாடும் சடங்கைக் கிறித்தவருக்குத் தடைசெய்தது. மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களைத் திருவருட்சாதனங்களிலிருந்து விலக்கி வைப்பதையும் அது தடுத்தது. பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1744இல் இவ்வழக்குகளுக்கு இறுதி முடிவு அளித்தார். அவ்வாணையின் வேறு பல விதிகள் தமிழரின் பண்பாட்டை அறியாமல் எழுந்தவை என்று கூற இடமுண்டு. எனினும் ஒரு சிறுமியின் உடலில் நிகழும் அந்தரங்க மாற்றத்தை ஊர் விழாவாக்குவது அடக்கத்திற்குப் பொருந்தாது என்னும் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இது நம் கண்முன் நிற்கும் செய்தியே. மஞ்சள் நீராட்டு விழாவிற்காகச் சிறுமியின் முழுவுருவப் படத்தை அச்சிட்ட பதாகைகளை நம் மாவட்டங்களின் கடைவீதிகளில் காண்கிறோம். சமய வேறுபாடின்றிப் பல இல்லங்களில் இவ்வழக்கம் நுழைந்துள்ளது. அதே சிறுமி மறுநாள் துப்பட்டாவைச் சரியாகப் போடவில்லை என்று கண்டிக்கப்படுகின்றாள். அவளது அந்தரங்கத்தைத் தெருவிற்குக் கொண்டுவந்த பெரியவர்கள் எந்த நாணத்தை அவளுக்குக் கற்பிக்கின்றனர்? தூய்மைக்குச் சமுதாயச் சூழலே தூய்மையாக வேண்டும் என மறைக்கல்வியின் 2525ஆம் பத்தி கூறுவது இதனால்தான்.

கன்னியாஸ்திரியின் முக்காடு

மாணவர்களின் மற்றொரு வினாவிற்கு இப்போது விடை காண்பது எளிது. கன்னியாஸ்திரியின் உடை, பெண் என்பதனால் வந்த கடமையன்று. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 669ஆம் விதி துறவு உடையை அர்ப்பணத்தின் அடையாளம், எளிமையின் சான்று என்று விளக்குகின்றது. அவ்விதி ஆண் துறவியருக்கும் உரியது. அந்தந்தத் துறவற சபையின் ஒழுங்குப்படி அதன் வடிவம் அமையும். அன்னை தெரேசா 1948இல் நீலக்கரையிட்ட வெண்சேலையைத் தேர்ந்தது இதற்குச் சான்று. முஸ்லிம் பெண்ணின் ஹிஜாபோ துறவின் அடையாளமன்று. பருவமெய்திய ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிய மார்க்கக் கடமை. தோற்றத்தில் ஒப்புமை இருந்தாலும் அடிப்படை வேறு.

அடிப்படை வேறாயினும் இருவரும் ஒரே வாயிலில் தடுக்கப்பட்டதுண்டு. 2015 ஜூலையில் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வு மீண்டும் நடத்தப்பட்டபோது, முறைகேட்டைத் தடுப்பதற்காகத் தலைத்துணி விலக்கப்பட்டது. இதற்கெதிரான முஸ்லிம் மாணவர் அமைப்பு ஒன்றின் மனுவை உச்ச நீதிமன்றம் ஜூலை 24 அன்று ஏற்க மறுத்தது. மறுநாள் திருவனந்தபுரத்தில் ஒரு கன்னியாஸ்திரி, முக்காட்டையும் சிலுவையையும் அகற்ற இசையாததால் தேர்வெழுதாமல் திரும்ப நேர்ந்தது. பின்னர் வந்த நீட் தேர்வு விதிகளில், சமய, மரபு உடை அணிவோர் சோதனைக்கு முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்னும் ஏற்பாடு இடம்பெற்றது. சோதனையின் தேவையும் உடையின் மதிப்பும் ஒருங்கே நிறைவேற வழியுண்டு என்பதற்கு இது சான்று.

முடிவாக, இரு நெறிகளையும் சீர்தூக்கிப் பார்ப்போம். இஸ்லாமியச் சட்டம் 'அவ்ரத்' என்னும் வரையறையால் மறைக்க வேண்டிய எல்லையை வகுத்துள்ளது. கத்தோலிக்கப் போதனை கொள்கையை உறுதியாக வைத்து, எல்லையை மனச்சான்றிடமும் நல்வழக்கத்திடமும் ஒப்படைத்துள்ளது. வரையறை இருப்பதால் நமக்குத் தெளிவு கிடைக்கின்றது. துணியோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடும் இடர் நமக்குண்டு. வரையறை இல்லாததால் அவர்களுக்கு நெகிழ்ச்சி கிடைக்கின்றது. காலத்தின் பாணியோடு அடித்துச் செல்லப்படும் இடர் அவர்களுக்குண்டு. இவ்விடரை அவர்களுடைய ஆசான்களே உணர்ந்து எச்சரித்து வந்துள்ளனர் என்பதை மேலே கண்டோம்.

இரு சமயத்து ஆசிரியர்களும் பெற்றோரும் இன்று செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பெண்பிள்ளையின் ஆடையை அளப்பதற்கு முன் ஆண்பிள்ளையின் பார்வையையும், அவன் கையிலுள்ள செல்பேசியையும், நம் வீட்டுச் சுவரிலும் தெருவிலும் நாம் ஒட்டும் படங்களையும் சரிசெய்தாக வேண்டும். நாணம் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் அருளியபோது அதனைப் பெண்களுக்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. அல்லாஹ் நம் பார்வைகளையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி அருள்வானாக.